ஆச்சியின் விரல் போகும் வழி: நின்ற படத்தை வீடியோவில் நகர்த்துவது எப்படி

எங்கள் ஆச்சி பழைய ஆல்பத்தைக் காட்டும் விதத்தைச் சின்ன வயதில் இருந்தே பார்த்திருக்கிறேன். பக்கத்தைப் புரட்டி, முழுப் படத்தையும் நம் மடியில் வைப்பாள். கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லமாட்டாள். அப்புறம் சுட்டுவிரல் படத்தின் ஓர் ஓரத்தில் போய் நிற்கும். "இது உங்க பெரிய தாத்தா." விரல் மெல்ல நகரும். "இது அவுக தங்கச்சி, கல்லிடக்குறிச்சில கட்டிக் குடுத்திருந்தது." இன்னும் கொஞ்சம் நகரும். "இந்தா, சட்டையில்லாம நிக்காம்லா, இதான் உங்க அப்பா." கடைசியில் ஆல்பத்தையே தூக்கிக் கண்ணருகே கொண்டுபோய், ஒரே ஒரு முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பாள்.

வீடியோ எடிட்டிங்கில் பேன், ஜூம் என்று சொல்வது அந்த விரலின் வேலையைத்தான். படம் அசைவதில்லை, பார்க்கிற கண்தான் அசைகிறது. எங்கே தொடங்கி, எவ்வளவு நேரத்தில், எங்கே போய் நிற்க வேண்டும் என்று அந்தக் கண்ணுக்கு வழி சொல்கிறோம். மென்பொருளில் இருக்கும் பட்டன்கள் எல்லாம் இதற்குப் பிறகு வருபவை.

ஆச்சியின் எண்பதாவது பிறந்தநாளுக்காக, வீட்டில் கிடந்த படங்களை வைத்துப் பத்து நிமிட வீடியோ ஒன்று செய்தபோதுதான் இதை நான் கற்றுக்கொண்டேன். அதன்பின் சொந்தத்தில் காதுகுத்து, சடங்கு, கல்யாண நாள், பதினாறாம் நாள் என்று எது வந்தாலும் படங்கள் என்னிடம் வந்து சேர்கின்றன. முதல்முறையாக இந்த வேலைக்கு உட்காருகிறவர்களுக்கு உதவட்டும் என்று, எந்த மென்பொருளுக்கும் மாறாத அடிப்படைகளை எழுதுகிறேன்.

ஓட்டை போட்ட அட்டை

சுவரில் ஒரு பெரிய படம் மாட்டியிருக்கிறது. உங்கள் கையில் ஓர் அட்டை. அதன் நடுவில் நீள்சதுரமாக ஓர் ஓட்டை வெட்டியிருக்கிறீர்கள். அகலம் 16 பங்கு என்றால் உயரம் 9 பங்கு. டிவி, யூடியூப் இரண்டுக்கும் அதுதான் அளவு. இப்போது அந்த ஓட்டை வழியாக மட்டும் படத்தைப் பாருங்கள்.

அட்டையைப் பக்கவாட்டில் நகர்த்தினால் அது பேன். மேலும் கீழுமாக நகர்த்தினால் டில்ட் என்பார்கள். ஆனால் பல மென்பொருள்கள் இரண்டையும் சேர்த்துப் பேன் என்றே சொல்லிவிடும். அட்டையோடு படத்துக்குக் கிட்டே போனால் ஓட்டைக்குள் தெரியும் பகுதி குறைந்து, அந்தப் பகுதி பெரிதாகும். அது ஜூம் இன். பின்னால் வந்தால் ஜூம் அவுட். இவ்வளவுதான் மொத்தமும். இவற்றில் ஒன்றையோ இரண்டையோ சேர்த்து, சில விநாடிகளுக்கு மெல்ல ஓடவிட்டால் நின்ற படம் வீடியோவாகிறது.

கம்ப்யூட்டரில் இதைச் செய்ய நாம் இரண்டே இடங்களைச் சொன்னால் போதும். அட்டை முதலில் எங்கே இருந்தது, கடைசியில் எங்கே இருந்தது. நடுவில் உள்ள எல்லாவற்றையும் மென்பொருள் கணக்குப் போட்டு நிரப்பிவிடும். அந்த இரண்டு இடங்களுக்கும் கீஃபிரேம் என்று பெயர். கையால் வரைந்த கார்ட்டூன் படங்களின் காலத்தில் இருந்து வருகிற சொல் அது. ஓர் அசைவின் முக்கியமான நிலைகளை மூத்த ஓவியர் வரைந்துகொடுப்பார். இடைப்பட்ட ஓவியங்களை உதவியாளர்கள் வரைந்து நிரப்புவார்கள். இன்று நாம் மூத்த ஓவியரின் இடத்தில் இருக்கிறோம், உதவியாளர் வேலையைக் கம்ப்யூட்டர் பார்க்கிறது.

ஒரு சின்னக் கணக்கு. படம் திரையில் 6 விநாடி இருக்கிறது. வீடியோ என்பது அடுத்தடுத்து வேகமாக வரும் நின்ற படங்கள்தான், அவற்றில் ஒவ்வொன்றும் ஒரு ஃபிரேம். விநாடிக்கு 25 ஃபிரேம் என்றால் மொத்தம் 150 ஃபிரேம். முதல் கீஃபிரேமில் படத்தின் அளவு 100%, கடைசியில் 115%. அந்த 15ஐ 150ஆல் வகுத்தால், ஒவ்வொரு ஃபிரேமிலும் படம் 0.1% அளவுக்குத்தான் வளர்கிறது. அடுத்தடுத்த இரண்டு ஃபிரேம்களைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வித்தியாசமே தெரியாது. ஆனால் ஓட்டிப் பார்க்கும்போது, யாரோ ஒருவர் அந்த முகத்தை நோக்கி ஓர் அடி எடுத்துவைத்தது போல இருக்கும்.

15% என்பது ரொம்பக் கம்மியாக இருக்கிறதே என்று தோன்றலாம். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. ஆச்சி வீடியோவின் முதல் பிரதியில் எல்லாப் படத்துக்கும் 100இல் இருந்து 200 வரை, அதுவும் 3 விநாடியில் வைத்திருந்தேன். போட்டுக் காட்டினபோது ஆச்சி கண்ணை மூடிக்கொண்டாள். "தலைய சுத்துது ராசா" என்றாள். அன்றைக்கு இரவே எல்லாவற்றையும் 110, 115 என்று குறைத்து, நேரத்தை இரட்டிப்பாக்கினேன். இன்றுவரை பெரும்பாலான படங்களுக்கு அதே அளவுதான் வைக்கிறேன்.

பெயர் வந்த கதை

இந்த முறைக்குக் கென் பர்ன்ஸ் எஃபெக்ட் என்று பெயர் நிலைத்துவிட்டது. கென் பர்ன்ஸ் அமெரிக்க ஆவணப்பட இயக்குநர். அமெரிக்க உள்நாட்டுப் போரைப் பற்றி அவர் எடுத்த ஒன்பது பகுதித் தொடர் 1990இல் அந்நாட்டுப் பொதுத் தொலைக்காட்சியில் ஒளிபரப்பானது. அந்தப் போர் 1861 முதல் 1865 வரை நடந்தது. சினிமா கேமரா அப்போது பிறக்கவே இல்லை. புகைப்படக் கேமராவிலும் ஆள் அசையாமல் நிற்க வேண்டும்; ஓடும் குதிரையைப் பிடிக்கிற வேகம் அதற்குக் கிடையாது. ஆகவே அவர் கையில் இருந்தவை நின்ற படங்களும் கடிதங்களும்தான். அவற்றின் மேல் கேமராவை மெல்ல நகரவிட்டே கதை முழுவதையும் சொன்னார்.

இதை முதலில் செய்தவர் அவர் இல்லை. அப்படி அவர் சொல்லிக்கொண்டதும் இல்லை. 1957இல் கனடாவின் தேசியத் திரைப்பட வாரியம் எடுத்த ஓர் ஆவணப்படம், தங்க வேட்டை நடந்த டாசன் நகரத்தின் பழைய புகைப்படங்களுக்கு இதே வகையில் உயிர் கொடுத்திருந்தது. அதில் இருந்து கற்றுக்கொண்டதாக பர்ன்ஸே சொல்லியிருக்கிறார். அந்தக் காலத்தில் படத்தை மேசையில் விரித்து, மேலே கேமராவைத் தொங்கவிட்டு, கைப்பிடியைச் சுற்றிச் சுற்றி நூலளவாக நகர்த்தி ஒவ்வொரு ஃபிரேமாக எடுக்க வேண்டும். ஆப்பிளின் ஐமூவி மென்பொருளில் 2003இல் இந்த வசதி வந்தது. அவருடைய பெயரை வைத்துக்கொள்ள ஸ்டீவ் ஜாப்ஸ் அவரிடமே அனுமதி கேட்டார். அதன்பின்தான் வீட்டில் கம்ப்யூட்டர் வைத்திருக்கிற எல்லோர் கைக்கும் இது வந்து சேர்ந்தது.

படத்தில் எவ்வளவு சரக்கு இருக்கிறது

ஜூம் செய்யும் முன்னால் பார்க்க வேண்டியது படத்தின் பிக்சல் அளவு, அதாவது அதில் எத்தனை சின்னப் புள்ளிகள் இருக்கின்றன என்பது. புதிதாகச் செய்பவர்கள் பெரும்பாலும் இதைத் தவறவிடுகிறார்கள். அதனால் இந்த இடத்தில் கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

ஃபுல் எச்டி வீடியோவின் திரை 1920 பிக்சல் அகலம், 1080 பிக்சல் உயரம். இப்போதைய செல்போனில் சாதாரணமாக எடுக்கிற 12 மெகாபிக்சல் படம் ஏறத்தாழ 4000க்கு 3000. அதாவது திரையைப் போல இரண்டு மடங்கு அகலம். ஆகவே அந்தப் படத்தின் பாதி அகலம் வரை கிட்டே போகலாம், தெளிவு குறையாது. அதற்கு மேல் போனால் இல்லாத பிக்சலை மென்பொருள் கற்பனையாக நிரப்ப வேண்டிவரும். முகம் குழைந்த களி போலத் தெரியும். சூத்திரம் எளிது: படத்தின் அகலத்தை வீடியோவின் அகலத்தால் வகுங்கள். வருகிற எண்தான் உங்கள் ஜூமின் எல்லை. வீடியோவை 4கே அளவில், அதாவது 3840 அகலத்தில் செய்தால் அதே செல்போன் படத்தில் ஜூம் செய்ய இடமே மிச்சமிருக்காது. குடும்ப வீடியோவுக்கு ஃபுல் எச்டி போதும் என்று நான் சொல்வதற்குக் காரணம் இதுதான்.

பழைய பிரிண்ட் படங்களில் எல்லை உங்கள் கையில் இருக்கிறது. ஸ்டுடியோக்களில் போட்டுத்தந்த ஆறுக்கு நாலு அங்குலப் படத்தை 300 டி.பி.ஐ.யில், அதாவது அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற கணக்கில் ஸ்கேன் செய்தால் 1800க்கு 1200 பிக்சல்தான் கிடைக்கும். திரையை நிரப்பவே போதாது. அதையே 600இல் செய்தால் 3600க்கு 2400. கிட்டத்தட்ட இரண்டு மடங்கு வரை உள்ளே போகலாம். தாத்தாவுக்கு இருந்தது ஒரே ஒரு பாஸ்போர்ட் அளவுப் படம். அதை 1200இல் ஸ்கேன் செய்த பிறகுதான் திரையை நிரப்பும் அளவு வந்தது. ஸ்கேன் கடைக்குப் போகும்போது "சாதாரணமா போட்டுக் குடுங்க" என்று சொல்லாமல், எண்ணைச் சொல்லிக் கேளுங்கள். 1200க்கு மேல் போவதில் பெரும்பாலும் பலன் இல்லை. பிரிண்டில் இருப்பதைவிட அதிக விவரம் ஸ்கேனரால் கொண்டுவர முடியாது, தாளின் சொரசொரப்புதான் பெரிதாகத் தெரியும்.

2023 டிசம்பர் வெள்ளத்தில் நம் திருநெல்வேலிப் பக்கம் எத்தனையோ வீடுகளில் ஆல்பங்கள் நனைந்துபோயின. பிளாஸ்டிக் தாளோடு ஒட்டிப்போன படம் இருந்தால் தயவுசெய்து பிய்த்தெடுக்காதீர்கள். முகம் பிளாஸ்டிக்கோடு போய்விடும். தாளோடு சேர்த்தே ஸ்கேன் செய்யுங்கள். ஓரத்தில் படிந்த நீர்க்கறை வீடியோவில் தெரிந்தால் தெரிந்துவிட்டுப் போகட்டும். அந்தப் படம் தாண்டிவந்த வெள்ளம் அது.

மும்பையில் இருக்கும் அத்தான், துபாயில் இருக்கும் சித்தி மகன் எல்லோரும் படத்தை வாட்ஸ்அப்பில்தான் அனுப்புவார்கள். சாதாரணமாகப் படமாக அனுப்பினால் வாட்ஸ்அப் அதைச் சுருக்கிவிடும். டாக்குமென்ட் என்ற வழியில் அனுப்பச் சொல்லுங்கள், அப்படியே முழுசாக வந்துசேரும். இதை எல்லோருக்கும் முதல் நாளே சொல்லிவிடுவது நல்லது. பிறகு கேட்டால் மூலப்படத்தைத் தேடிக் கிடைக்காது.

பிரீமியர் ப்ரோ என்ற எடிட்டிங் மென்பொருளைப் பயன்படுத்துகிறவர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை. அதில் படத்தைத் திரை அளவுக்குப் பொருத்த இரண்டு வழிகள் இருக்கின்றன. ஸ்கேல் டு ஃபிரேம் சைஸ் என்பது படத்தின் பிக்சல்களையே திரை அளவுக்குக் குறைத்துவிடும். அப்புறம் ஜூம் செய்தால் மங்கும். செட் டு ஃபிரேம் சைஸ் என்பது அளவு எண்ணை மட்டும் மாற்றும், பிக்சல் முழுசாக இருக்கும். நமக்கு வேண்டியது இரண்டாவது.

முகம் ஓரத்தில் இருந்தால்

வெறும் அளவை மட்டும் கூட்டினால் மென்பொருள் படத்தின் நடுமையத்தை நோக்கித்தான் உள்ளே போகும். ஆச்சி நடுவில் நிற்காமல் இடது பக்கம் நின்றிருந்தால், ஜூம் ஆக ஆக அவள் திரையை விட்டு வெளியே தள்ளப்படுவாள். ஆகவே அளவோடு இடத்தையும், அதாவது பொசிஷனையும் சேர்த்து மாற்ற வேண்டும்.

எவ்வளவு மாற்ற வேண்டும்? படம் திரையைச் சரியாக நிரப்பியிருக்கிறது, முகம் மையத்தில் இருந்து 400 பிக்சல் இடதுபுறம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 150% ஆக்கினால் அந்தத் தூரமும் ஒன்றரை மடங்காகி 600 ஆகும். ஆகவே படத்தை வலப்பக்கம் 600 பிக்சல் தள்ளினால் முகம் நடுவுக்கு வரும். ஆனால் அப்படித் தள்ளினால் இடது ஓரத்தில் கறுப்பாக ஒரு கீற்று தெரியும். ஏனென்றால் 150%இல் படத்தின் அகலம் 2880. திரைக்கு வெளியே ஒவ்வொரு பக்கமும் மிச்சம் இருப்பது 480தான். 480க்கு மேல் தள்ளினால் படம் தீர்ந்துபோகும். சரி, 480இலேயே நிறுத்திவிடுங்கள். முகம் மையத்துக்கு 120 பிக்சல் இடதுபுறம் நிற்கும். அது கண்ணுக்கு உறுத்தவே உறுத்தாது. முகம் நட்ட நடுவில்தான் வரவேண்டும் என்ற பிடிவாதம் வேண்டாம். கொஞ்சம் ஓரமாக, அவள் பார்க்கிற பக்கம் வெறும் இடம் விட்டு நிறுத்தினால் இன்னும் அழகாக இருக்கும்.

இந்தக் கூட்டல் கழித்தல் வேண்டாம் என்றால் பெட்டி முறை இருக்கிறது. பல மென்பொருள்களில் படத்தின் மேல் இரண்டு பெட்டிகளைக் காட்டுவார்கள். ஒன்று தொடக்கம், மற்றது முடிவு. இரண்டையும் இழுத்து வைத்தால் அளவு, இடம் இரண்டும் ஒருசேர முடிந்தது. பழகுகிறவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன். ஓட்டை போட்ட அட்டையை அப்படியே திரையில் கொண்டுவந்தது போல இருக்கும்.

தேர் நகர்கிற மாதிரி

நெல்லையப்பர் ஆனித் தேரோட்டம் பார்த்தவர்களுக்கு இந்தப் பகுதியை விளக்கவே வேண்டாம். வடம் பிடித்து இழுத்தவுடன் தேர் ஓடிவிடுவதில்லை. முதலில் ஒரு நெளிவு, ஒரு முனகல். அப்புறம் மெல்ல உருண்டு, ரத வீதியில் சீராகப் போகும். நிறுத்தும்போது முட்டுக்கட்டை போட்டு, வேகத்தைத் தணித்துத் தணித்து நிறுத்துவார்கள். கனமான எதுவும் அப்படித்தான் கிளம்பும், அப்படித்தான் நிற்கும்.

மென்பொருள் தானாகச் செய்யும் நகர்வு அப்படி இருக்காது. முதல் ஃபிரேமிலேயே முழு வேகம், கடைசி ஃபிரேமில் திடீர் நிறுத்தம். இதற்கு லீனியர் என்று பெயர். கீஃபிரேமில் ஈஸ் இன், ஈஸ் அவுட் என்று ஒரு தேர்வு இருக்கும். அதைப் போட்டால் தேர் போல மெல்லக் கிளம்பி, மெல்ல நிற்கும். இதோடு, தொடக்கத்தில் ஒரு விநாடி படத்தை அசையாமல் விடுங்கள். கண் முழுப் படத்தையும் ஒருமுறை மேய்ந்துகொள்ளும். முடிவிலும் ஒரு விநாடி நிறுத்துங்கள்.

ஒரு விதிவிலக்கு உண்டு. ஒரு படம் கரைந்து அடுத்த படம் வரும்படி டிசால்வ் போட்டிருந்தால், ஒவ்வொரு படமும் நின்று நின்று கிளம்புவது டவுன் பஸ் பயணம் மாதிரி ஆகிவிடும். அங்கே லீனியரே நல்லது. படம் கரையும்போதும் நகர்வு நிற்காமல் போய்க்கொண்டே இருக்கட்டும். அடுத்த படமும் நகர்ந்தபடியே உள்ளே வரட்டும். நகர்வைக் கிளிப்பின் முழு நீளத்துக்கும், டிசால்வ் மூடுகிற பகுதியையும் சேர்த்து, வைக்க வேண்டும் என்பதை மட்டும் மறக்க வேண்டாம்.

வேகத்துக்குக் கேமராக்காரர்கள் சொல்லும் ஒரு கைக்கணக்கு இருக்கிறது. திரையின் ஓர் ஓரத்தில் நுழைகிற பொருள் மறு ஓரத்தைத் தாண்ட 7 விநாடியாவது ஆக வேண்டும். அதற்குமேல் வேகமாகப் போனால், விநாடிக்கு 25 ஃபிரேம் என்பதால், ஒவ்வொரு ஃபிரேமுக்கும் இடையில் பொருள் தாவித் தாவிப் போவது கண்ணுக்குத் தெரியும். ஃபுல் எச்டியில் 7 விநாடி என்றால் ஃபிரேமுக்கு ஏறத்தாழ 11 பிக்சல். அதுவே மேல் எல்லை. முகங்கள் இருக்கும் படத்தில் நான் இதைவிடவும் மெதுவாகத்தான் போவேன். ஒரு முகத்தைப் பார்த்து "இது இன்னார்" என்று மனதில் சொல்லிக்கொள்ள நேரம் வேண்டுமே.

ஜூமில் இன்னொரு நுணுக்கம். 100இல் இருந்து 300 வரை போகிற பெரிய ஜூமை லீனியராக வைத்தால், முதலில் பாய்ந்து ஓடி, போகப்போகச் சோர்ந்துவிடுவது போலத் தெரியும். 100 என்பது 110 ஆகும்போது பத்தில் ஒரு பங்கு வளர்ச்சி. 290 என்பது 300 ஆகும்போது வளர்ச்சி மூன்றரைச் சதவீதம்கூட இல்லை. நம் கண் கூட்டலைப் பார்ப்பதில்லை, விகிதத்தைப் பார்க்கிறது. ஆகவே பெரிய ஜூமுக்குத் தொடக்கத்தில் நீண்ட ஈஸ் கொடுங்கள். 115 போன்ற சின்ன ஜூமில் இந்த வித்தியாசம் தெரியாது.

எந்தப் பக்கம் போவது

இதற்குச் சட்டம் கிடையாது. ஆனால் காரணம் வேண்டும். படமே பெரும்பாலும் வழி சொல்லிவிடும்.

குற்றாலத்துச் சித்திர சபைக்குள் போனவர்களுக்குத் தெரியும், அங்கே ஓர் இடத்தில் நின்று எல்லாவற்றையும் பார்த்துவிட முடியாது. சுவர் முழுக்கப் புராணக் காட்சிகள். சுவரை ஒட்டி நடந்துகொண்டே பார்க்க வேண்டும். ஓவியத்தில் கதை எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கம் கால் போகும். நீளமான படங்களுக்குப் பேன் பொருந்துவது இதனால்தான். திருநெல்வேலியில் தாமிரபரணியின் குறுக்கே இருக்கும் சுலோசன முதலியார் பாலம் 1843இல் கட்டியது. அதன் வளைவுகள் வரிசையாகத் தெரிகிற படம் கிடைத்தால் அதில் ஜூம் செய்து என்ன பயன்? பாளையங்கோட்டைக் கரையில் தொடங்கி ஜங்ஷன் கரை வரை ஒவ்வொரு வளைவாகக் கடந்து போகவேண்டிய படம் அது. பார்க்கிறவரும் ஆற்றைத் தாண்டிவிடுவார்.

தேரை எல்லோரும் செல்போனை நட்டமாகப் பிடித்துத்தான் எடுப்பார்கள். 3000 அகலம், 4000 உயரம். படுக்கையான திரைக்கு இது பொருந்தாது என்று ஒதுக்கிவிடாதீர்கள். அகலத்தை நிரப்பி வைத்தால் ஒரு நேரத்தில் ஏறத்தாழ 1690 பிக்சல் உயரம் தெரியும். மேலே ஏறிப்போக இன்னும் 2300 பிக்சல் மிச்சம் இருக்கிறது. கீழே வடம் பிடித்திருக்கும் கைகளில் தொடங்குங்கள். சக்கரம், தேர்த்தட்டு, அலங்காரத் துணிகள் என்று மெல்ல ஏறிக் கலசத்தில் முடியுங்கள். தேர் முன்னால் நின்று அண்ணாந்து பார்த்தவர் கழுத்து எப்படிப் போயிருக்கும், அதே வழி. மேலிருந்து கீழே இறங்கினால் வேறு கதையாகிவிடும்: கலசத்தில் தொடங்கி, இதை நகர்த்துவது யார் என்று தேடிப்போய், கூட்டத்தில் முடியும். இரண்டும் சரிதான். எது உங்கள் கதை என்பதை முதலில் முடிவு செய்துகொள்ளுங்கள்.

ஜூம் அவுட்டின் பலம் மறைத்துவைத்திருந்ததைக் காட்டுவது. தாமிரபரணியில் வெள்ளம் வரும்போது குறுக்குத்துறை முருகன் கோயில் மூழ்குகிற படத்தை எல்லோரும் பார்த்திருக்கிறோம். முழுப் படத்தையும் முதலிலேயே காட்டினால் அது வெறும் செய்திப் படம். தண்ணீருக்கு மேலே தெரிகிற கோயிலின் மேற்பகுதியில் மட்டும் தொடங்கி, மெல்லப் பின்னால் வந்தால், தண்ணீர் நாலு பக்கமும் வந்துகொண்டே இருக்கும். எவ்வளவு பின்னால் வந்தாலும் கரை தெரியவில்லை என்கிறபோது வெள்ளத்தின் அளவு புரியும். கிருஷ்ணாபுரத்துச் சிற்பங்களுக்கும் இந்த வழி பொருந்தும். விரல் நகத்தில் தொடங்கி முழு உருவத்துக்கு வந்தால், நகத்தையே இப்படிச் செதுக்கியவன் முழுசையும் எப்படிச் செதுக்கியிருப்பான் என்று மனம் தானாகக் கேட்கும்.

ஜூம் இன் என்பது ஒருவரைத் தேர்ந்தெடுப்பது. அதனால் கவனம் வேண்டும். குடும்பப் படத்தில் ஒருவரை நோக்கிப் போகும்போது மற்ற எல்லோரையும் வெளியே தள்ளுகிறோம். எங்கள் வீட்டுக் குழுப்படம் ஒன்றில் வலது ஓரத்தில் மதினி நிற்கிறாள். படத்தைத் திரையை நிரப்பும்படி வைத்தபோதே அவள் பாதி வெட்டுப்பட்டுப் போயிருந்தாள், நான் கவனிக்கவில்லை. மண்டபத்தில் பார்த்துவிட்டு, "என்னைய எங்க கொழுந்தனாரே காணும்?" என்று கேட்டாள். அந்தக் கேள்வி இன்னும் காதில் இருக்கிறது. இப்போதெல்லாம் குழுப்படம் என்றால் எல்லோரும் முழுசாகத் தெரிகிற நிலையில்தான் தொடங்குவேன், மேலேயோ பக்கத்திலோ கறுப்பு விழுந்தாலும் பரவாயில்லை என்று. அதே படத்தின் மங்கலான பிரதியைப் பின்னால் வைத்தால் அந்தக் கறுப்பும் மறையும். அதன்பின் வரிசையாக ஒவ்வொரு முகமாகப் போகலாம், ஆச்சியின் விரல் போல.

தானாக ஜூம் போட்டுத்தரும் வசதி பல ஆப்களில் இருக்கிறது. அதற்குப் படத்தில் யார் முக்கியம் என்று தெரியாது. அவசரத்துக்கு அதைப் போட்டாலும், ஒவ்வொரு படத்தையும் ஒருமுறை ஓட்டிப் பார்த்து, தலை வெட்டுப்பட்டதைத் திருத்துங்கள்.

பத்தமடைப் பாயும் பட்டுக்கரையும்

நகர்வு எல்லாம் சரியாக வைத்த பிறகும் சில படங்களில் ஒரு பகுதி மட்டும் மினுமினு என்று துடிக்கும். எங்கள் ஆல்பத்தில் அது வந்தது, பத்தமடைப் பாயில் மணமக்களை உட்காரவைத்து எடுத்த படத்தில். பத்தமடைப் பாய்க்கு அழகே அதன் மெல்லிய நெசவு. கோரையைக் கீறிக் கீறி நூல் மாதிரி ஆக்கி நெய்வார்கள். அந்த நெருக்கமான கோடுகள்தான் திரையில் துடித்தன.

காரணம் இதுதான். 4000 பிக்சல் படத்தை 1920க்குச் சுருக்கும்போது, ஒரு பிக்சலைவிட மெல்லிய கோடு சில இடத்தில் விழும், சில இடத்தில் விழாது. படம் நின்றிருந்தால் தெரியாது. நகரும்போது ஒவ்வொரு ஃபிரேமிலும் வேறு வேறு கோடு விழுவதால் துடிப்பு வரும். சன்னக் கட்டம் போட்ட சட்டை, பட்டுப்புடவைக் கரை, ஓட்டுக்கூரை, கம்பி ஜன்னல் எல்லாவற்றிலும் இது வரும். மருந்து எளியது: உங்கள் ஜூமுக்குத் தேவையான அளவுக்கு மட்டும் படத்தை முன்கூட்டியே சுருக்கிவிட்டுக் கொண்டுவாருங்கள். 115% வரைதான் போகிறீர்கள் என்றால் 2208 பிக்சல் அகலம் போதும். அப்படியும் துடித்தால் மிக மெல்லிதாக ஒரு பிளர், அதாவது மங்கல். பாயின் அழகு கெடாமல் துடிப்பு நின்றுவிடும்.

எதில் செய்வது

கம்ப்யூட்டரில் இலவசமாகக் கிடைப்பவற்றில் டாவின்சி ரிசால்வில் டைனமிக் ஜூம் என்று பெட்டி முறை இருக்கிறது. பச்சைப் பெட்டி தொடக்கம், சிவப்புப் பெட்டி முடிவு. ஈஸும் அங்கேயே தேர்ந்தெடுக்கலாம். பழைய, வேகம் குறைந்த கம்ப்யூட்டர் என்றால் ஷாட்கட், கேடென்லைவ் இரண்டும் இலகுவாக ஓடும். முன்னதில் அளவு, இடம், சுழற்சி மூன்றும் ஒரே ஃபில்டரில். பின்னதில் டிரான்ஸ்ஃபார்ம் என்ற எஃபெக்டில். ஆப்பிள் வைத்திருப்பவர்களுக்கு ஐமூவி. செல்போனில் செய்கிறவர்கள் கைன்மாஸ்டரில் படத்தைத் தொட்டால் பேன் அண்ட் ஜூம் என்று வரும், தொடக்க நிலையும் முடிவு நிலையும் இரண்டு விரலால் வைத்துவிடலாம்.

முடித்ததும் செல்போனில் மட்டும் பார்த்துவிட்டு அனுப்பிவிடாதீர்கள். உள்ளங்கை அளவுத் திரையில் மெதுவாகத் தெரிகிற நகர்வு, மண்டபத்து எல்இடி திரையில் வேகமாகத் தெரியும். பத்தடி அகலத் திரையில் ஒரு முகம் ஒரு விநாடியில் ஓர் அடி நகர்ந்துவிடுகிறது அல்லவா. வீட்டு டிவியில் போட்டு, கிட்டே உட்கார்ந்து ஒருமுறை பாருங்கள். அங்கே தலை சுற்றவில்லை என்றால் மண்டபத்திலும் சுற்றாது.

எல்லாப் படத்தையும் நகர்த்தியாக வேண்டும் என்றும் இல்லை. ஆச்சியின் வீடியோவில் தாத்தாவின் அந்தப் பாஸ்போர்ட் அளவுப் படத்துக்கு நான் எந்த கீஃபிரேமும் வைக்கவில்லை. அதற்கு முன்னால் வந்த படத்தில் நகர்வை மெல்லத் தணித்து நிறுத்தி, அப்புறம் அந்த முகம். 8 விநாடி, 200 ஃபிரேம், எல்லாம் ஒன்றே.